பிட் அடித்த பிள்ளையோடு எந்த எபிசோடைப் பார்ப்பது? ‘லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி’யில் ஐந்து கதைகள்

ஒரே மாதத்தில் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் கணக்குப் பரீட்சையில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதிவிட்டான் என்று ஓர் அம்மா. பன்னிரண்டு வயது மகன், டூர் கட்டணத்துக்கு நண்பர்களிடம் வசூலித்த காசைப் போன் விளையாட்டில் விட்டுவிட்டான் என்று ஓர் அப்பா. ஆறு வயதுப் பேத்தி வாயைத் திறந்தாலே கட்டுக்கதை, பள்ளிக்கூடத்துக்கு யானை வந்தது என்கிறாள் என்று ஒரு தாத்தா. மூவருக்கும் அடிக்க மனமில்லை, சும்மா விடவும் மனமில்லை. “நீங்கள் சொல்லும் அந்தப் பழைய அமெரிக்க சீரியலில் இப்படிக் கதைகள் உண்டாமே, எதைப் போட்டுக் காட்டலாம்?” என்று கேட்டார்கள்.

உண்டு. 1974 முதல் 1983 வரை என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒன்பது சீசன் ஓடிய தொடர் அது. 1870களில் மின்னசோட்டா மாநிலத்தின் வால்நட் குரோவ் என்ற சிற்றூரில் பயிர் வைத்துப் பிழைக்கும் இங்கல்ஸ் குடும்பத்தின் கதை. அப்பா சார்ல்ஸாக மைக்கேல் லேண்டன், நடு மகள் லாராவாக மெலிஸா கில்பர்ட். தொடர் தொடங்கியபோது அந்தப் பெண்ணுக்கு வயது பத்து. ஊர்க் கடைக்காரர் ஓல்சனின் மகள் நெல்லியாக வரும் அலிசன் ஆர்ன்கிரிமுக்குப் பன்னிரண்டு. பிள்ளைகளின் பொய்யும் திருட்டும் ஏமாற்றும் இந்த ஊரில் அடிக்கடி வரும். ஆனால் எல்லாக் கதையும் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. தப்பான ஒன்றை எடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதை நான் என் மகளிடம் பார்த்துவிட்டேன். அதனால்தான் ஐந்து எபிசோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

## எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது, கதையில் தப்பு செய்வது யார் என்பதை. பிள்ளைகள் எப்போதும் லாரா பக்கம்தான் உட்காருவார்கள். பொய் சொல்வது நெல்லியாக இருந்தால், பார்க்கிற பிள்ளை பொய்யை வேறு யாருடையதோ என்று ஒதுக்கிவிடும். பொய் சொல்வது லாராவாக இருந்தால் அது நம்ம வீட்டுப் பொய்.

அடுத்து, ஏன் செய்தது என்பதைக் கதை காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பயமா, ஆசையா, அம்மா முகம் வாடுமே என்ற தவிப்பா?

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். ஒப்புக்கொண்ட பிறகு என்ன நடக்கிறது? டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீயும் மெக்கில் பல்கலைக்கழகத்தின் விக்டோரியா தல்வாரும் மற்றவர்களோடு சேர்ந்து 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். திரும்பி வந்ததும் ஒரு கதை வாசித்துவிட்டு, “பார்த்தாயா?” என்று கேட்பார். பொய் சொன்னால் மூக்கு நீளும் கதையும், புலி வருகிறது என்று நாம் சொல்லும் கதையின் ஓநாய் வடிவமும் பிள்ளைகளை மாற்றவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டியதை அப்பாவிடம் ஒப்புக்கொண்டு பாராட்டு வாங்கும் கதையைக் கேட்டவர்கள்தான் கூடுதலாக உண்மை சொன்னார்கள். அதே கதையின் முடிவை மாற்றித் தண்டனையாக வைத்துச் சொன்னபோது அந்தப் பலனும் போய்விட்டது. பொய்யனுக்கு என்ன கதி என்று காட்டும் கதை நமக்குத்தான் திருப்தி தருகிறது. பிள்ளைக்குத் தேவை, உண்மையைச் சொல்லிவிட்டு உயிரோடு வெளியே வர ஒரு வழி இருக்கிறது என்று காட்டும் கதை.

கடைசியாக, மறைமுகச் செலவு. எந்த எபிசோடும் இலவசமில்லை. ஒன்று நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும், ஒன்று பழிவாங்கலை இனிக்கச் செய்யும், ஒன்று இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும்.

## தி சீட்டர்ஸ் (1978)

பெயரே ‘ஏமாற்றுக்காரர்கள்’. பரீட்சையில் காப்பி அடித்த பிள்ளை என்றதும் எல்லோர் கையும் இதற்குத்தான் போகும். என் கையும் போனது.

கார்வே குடும்பத்துப் பையன் ஆண்டி. அவன் அம்மா ஆலிஸ் கார்வேதான் பள்ளி ஆசிரியை. பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, மார்க் குறைகிறது. வகுப்பிலும் அம்மா, வீட்டிலும் அம்மா. தன் மகனே பின்தங்குகிறான் என்பது அவளுக்குத் தாங்கவில்லை. அந்த இடுக்கில் நெல்லி நுழைகிறாள். நான் சொல்லித் தருகிறேன் என்று வந்து, அவள் சொல்லித் தருவது காப்பி அடிக்க. ஆண்டியின் மார்க் ஏறுகிறது, அம்மா முகம் மலர்கிறது.

அந்த மலர்ச்சிதான் இந்தக் கதையின் கொடுமையான இடம். பையன் ஏமாற்றியதற்கு அவனுக்குக் கிடைக்கும் கூலி, அம்மாவின் சந்தோஷம். அதைப் பார்த்த பிறகு அவன் எப்படி நிறுத்துவான்? அப்பா ஜொனாதன் கார்வேயாக வரும் மெர்லின் ஓல்சன் அமெரிக்கக் கால்பந்தில் பேர்பெற்ற ஆட்டக்காரர், மலை மாதிரி ஆள். அவர் பக்கத்தில் நிற்கும்போது ஆண்டி இன்னும் சின்னவனாகத் தெரிவான்.

இதை நான் மகளோடு பார்த்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அவள் ஐந்தாம் வகுப்பு. சமூக அறிவியல் டெஸ்டில் 25-க்கு 11. தாளில் என் கையெழுத்தை அவளே போட்டுக் கொடுத்துவிட்டாள். அழகாகவே போட்டிருந்தாள், கடைசிச் சுழி மட்டும் கோணல். மறுநாளே இந்த எபிசோடைப் போட்டேன். பாதியில் என் பக்கம் திரும்பி, “எனக்குன்னுதானே இதப் போட்ட?” என்றாள். அதற்குமேல் திரையைப் பார்க்கவே இல்லை. நேற்று செய்த தப்பை இன்று படமாகக் காட்டினால் அது கதையாக இருக்காது, குற்றப்பத்திரிகையாகிவிடும்.

பிறகு தனியாக உட்கார்ந்து மீதியைப் பார்த்தேன். அப்போதுதான் இது யாருக்கான எபிசோடு என்று புரிந்தது. டெஸ்டுக்கு முதல் வாரம்கூட, “நீ புத்திசாலிப் பொண்ணு, உனக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல” என்று சொல்லியிருந்தேன். தைரியம் கொடுப்பதாக நினைத்துத்தான் சொன்னேன். சீனாவில் மூன்று, ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது, காங் லீ அதிலும் உண்டு. சீட்டு விளையாட்டில் “நீ ரொம்ப புத்திசாலி” என்று பாராட்டப்பட்டவர்கள், “இந்தத் தடவை நல்லா செஞ்ச” என்று பாராட்டப்பட்டவர்களைவிட அதிகமாக ஏமாற்றினார்கள். புத்திசாலி என்ற பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே! 11 மார்க் வாங்கிய தாளை என் மகள் ஏன் என்னிடம் நீட்டவில்லை என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆகவே இது பெற்றோர் முதலில் தனியாகப் பார்க்க வேண்டியது, பிள்ளையைக் கூப்பிடாமல். மார்க்கை வைத்து வீட்டில் சத்தம் எழும் குடும்பங்களுக்கு ஐந்திலும் இதுதான் முதலிடம். பிள்ளையோடு பார்ப்பதாக இருந்தால் பரீட்சை இல்லாத மாதத்தில், எந்தத் தப்பும் பிடிபடாத நாளில் பாருங்கள்.

## தி மியூசிக் பாக்ஸ் (1977)

நெல்லி வீட்டில் ஓர் இசைப்பெட்டியைப் பார்க்கிறாள் லாரா. ஆசையை அடக்க முடியவில்லை. எடுத்துவந்துவிடுகிறாள், அது உடைந்தும் போகிறது. நெல்லி கண்டுபிடிக்கிறாள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு விலை கேட்கிறாள்: இனி நான் சொன்னபடி நட. திக்கிப் பேசும் அன்னா என்ற பெண் லாராவின் தோழி. அவளைக் கேலி செய்யும் கூட்டத்தில் லாராவும் நிற்க வேண்டியதாகிறது.

திருட்டைவிட அதை மறைப்பதற்குக் கொடுக்கும் விலை பெரிது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் உபதேசம் செய்வதில்லை. அன்னாவின் முகம் போதும். அந்த வேடத்தில் நடித்த கேட்டி கர்ட்ஸ்மன்தான் பிறகு இதே தொடரில் லாராவின் அம்மா கரோலினின் சிறுவயதுப் பாத்திரத்திலும் வருகிறார்.

மேலே சொன்ன அளவுகோல்களில் மூன்றுக்கு இது நேராகப் பொருந்துகிறது. தப்பு செய்வது லாரா. காரணம், எந்தப் பிள்ளைக்கும் புரியும் வெறும் ஆசை. கடைசியில் லாரா வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள், சொன்னதும் நெல்லியின் பிடி விடுபடுகிறது. உண்மையைச் சொல்வதில் என்ன லாபம் என்று கேட்கும் பிள்ளைக்கு, யாரும் உன்னை மிரட்ட முடியாது என்பதைவிட நல்ல பதில் உண்டா?

செலவும் உண்டு. குற்ற உணர்ச்சியில் லாராவுக்கு வரும் கெட்ட கனவுகளைத் திரையில் காட்டுகிறார்கள். ஏழு வயதுக்குக் கீழே, இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கு வேண்டாம். வீட்டில் திக்கிப் பேசும் பிள்ளை இருந்தால் கேலிக் காட்சிகள் வலிக்கும். முன்னாலேயே சொல்லிவிட்டுப் போடுங்கள்.

கையெழுத்து விவகாரத்துக்கு மூன்று வாரம் கழித்து, பேச்சே எடுக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைப் போட்டேன். முடிந்ததும் மகள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரவு தூங்கப்போகும்போது, தோழியின் ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்று இரண்டு மாதமாகத் தன் அலமாரியில் இருப்பதைச் சொன்னாள். அதுவரை எனக்கு அது தெரியவே தெரியாது.

## பன்னி (1976)

ஐந்தில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கப்போவது இதுதான். பன்னி என்ற குதிரையிலிருந்து விழுந்த நெல்லி, கால் வரவில்லை என்று சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறாள். குதிரையின் உயிருக்கே ஆபத்து வருகிறது. லாரா அவளுக்குப் பணிவிடை செய்கிறாள். பிறகு நெல்லிக்குக் கால் நன்றாகவே இருக்கிறது என்று தெரிந்ததும் நாற்காலியை மேட்டிலிருந்து உருட்டிவிடுகிறாள். அது போய்க் குளத்தில் விழுகிறது. தொடரிலேயே பலரும் மறக்காத காட்சி.

நானும் சின்னப் பிள்ளைபோல் கைதட்டினேன். ஆனால் கேட்டதற்கு இது பதிலில்லை. ஏமாற்றுவது நெல்லி, தண்டிப்பது லாரா. பார்க்கிற பிள்ளை நேராகத் தண்டிக்கிறவள் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தான் ஏமாற்றியதை நினைக்க இதில் இடமே இல்லை. அதற்குமேல், பொய் சொன்னவரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்ற எண்ணமும் கூடவே உள்ளே போகிறது. அண்ணன் தம்பி சண்டை நடக்கும் வீட்டில் அது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏமாற்றப்பட்ட பிள்ளைக்கு இது நல்ல மருந்து. தோழியை நம்பி அழுத பிள்ளையோடு பாருங்கள்.

## தி கிஃப்ட் (1975)

போதகர் ஆல்டனுக்குப் பரிசாக பைபிள் வாங்க ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் காசு சேர்க்கிறார்கள். வாங்கும் பொறுப்பு லாராவுக்கும் அக்கா மேரிக்கும். சேர்ந்த காசுக்கு மருந்துப் புட்டிகளை வரவழைத்து வீடு வீடாக விற்றால் லாபம் வரும், இன்னும் நல்ல பைபிளே வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். மருந்து விற்கவில்லை.

இங்கே முதல் நாளில் பொய்யே கிடையாது. நல்ல எண்ணம்தான் இருக்கிறது. அடுத்தவர் காசு கையில் இருக்கும்போது அந்த நல்ல எண்ணம் எப்படி நாளுக்கு நாள் மறைப்பாக மாறுகிறது என்பதைக் கதை பொறுமையாகக் காட்டுகிறது. சம்பாதித்துத் திருப்பி வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்ற கணக்கு 1870களின் மருந்துப் புட்டிக்கும் இன்றைய போன் விளையாட்டுக்கும் ஒன்றுதான்.

இது மெதுவாக நகரும். ஊர் ஊராக மருந்து விற்றது, தபாலில் பொருள் வரவழைத்தது போன்றவற்றை நிறுத்தி நிறுத்தி விளக்க வேண்டிவரும். ஆனால் பத்து வயதுக்கு மேல், கையில் காசு புழங்கத் தொடங்கிய பிள்ளைக்கு இதற்கு மாற்று ஐந்தில் இல்லை.

## கன்ட்ரி கேர்ள்ஸ் (1974)

முதல் சீசனின் தொடக்கத்திலேயே வருவது. பள்ளிக்குப் புதிதாகப் போகும் லாராவுக்கு இன்னும் சரியாக எழுத வரவில்லை. பெற்றோர் வந்து உட்கார்ந்திருக்கும் நாளில் ஒவ்வொரு பிள்ளையும் தான் எழுதிய கட்டுரையை வாசிக்க வேண்டும். லாரா தாளைப் பிடித்துக்கொண்டு தன் அம்மாவைப் பற்றி வாசிக்கிறாள். கேட்கிறவர்கள் நெகிழ்ந்துபோகிறார்கள். பிறகு கரோலின் அந்தத் தாளைப் பார்க்கிறாள். அதில் இருப்பது சில எளிய வரிகள் மட்டுமே. மற்றதெல்லாம் மனசிலிருந்து வந்தது.

இது ஏமாற்றா? எழுதாததை எழுதியதுபோல் வாசித்தாள், அது உண்மை. சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை, அதுவும் உண்மை. பெரியவர்களுக்குள்ளேயே முடிவுக்கு வராத கேள்வி. அதனாலேயே எனக்கு இதை மிகவும் பிடிக்கும். கற்பனைக்கும் பொய்க்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று பிள்ளையோடு பேச வேறு வழி எனக்குத் தெரியவில்லை. செலவு என்று பார்த்தால், காப்பி அடித்துப் பிடிபட்ட பிள்ளைக்கு இப்போது காட்டினால் அது சாக்காகிவிடும். அவ்வளவுதான்.

## ஒரு பார்வையில்

| எபிசோடு | தப்பு யாருடையது | காரணம் | மறைமுகச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| தி சீட்டர்ஸ் | ஆண்டி, நெல்லி | அம்மாவின் எதிர்பார்ப்பு | பிள்ளைக்குக் குற்றப்பத்திரிகையாகத் தெரியும் | முதலில் பெற்றோருக்கு |
| தி மியூசிக் பாக்ஸ் | லாரா | ஆசை, பிறகு பயம் | கெட்ட கனவுகள், கேலிக் காட்சிகள் | 8 வயதுக்கு மேல் |
| பன்னி | நெல்லி | கவனிப்பு வேண்டும் | பழிவாங்கல் இனிக்கும் | ஏமாற்றப்பட்ட பிள்ளைக்கு |
| தி கிஃப்ட் | லாரா, மேரி | நல்ல எண்ணம், தப்புக் கணக்கு | மெதுவான கதை, விளக்க வேண்டும் | 10 வயதுக்கு மேல் |
| கன்ட்ரி கேர்ள்ஸ் | லாரா (தப்பு என்றால்) | எழுத வராத கூச்சம் | பிடிபட்டவனுக்குச் சாக்காகும் | 5 வயதிலிருந்து |

வயதுகள் என் அனுபவக் கணிப்பு. உங்கள் பிள்ளையை உங்களுக்குத்தான் தெரியும்.

ஐந்துக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று. இந்தத் தொடரில் பிள்ளையை அடிப்பது சில இடங்களில் சாதாரணமாக வந்துபோகும். தல்வாரும் லீயும் 2011-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், மேற்கு ஆப்பிரிக்காவில் அடித்துத் தண்டிக்கும் ஒரு பள்ளியையும் அடிக்காத ஒரு பள்ளியையும் ஒப்பிட்டார்கள். அடிக்கும் பள்ளியின் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் கூடுதலாகப் பொய் சொன்னார்கள், அதையும் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னார்கள். ஆகவே அப்படிக் காட்சி வரும்போது நிறுத்தி, நம்ம வீட்டில் இது கிடையாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிள்ளை அதைத்தான் முதலில் நினைவில் வைத்துக்கொள்ளும்.

## மூவருக்கும் என் பதில்

கணக்குப் பரீட்சை அம்மாவுக்கு: இன்று இரவு பையன் தூங்கிய பிறகு நீங்கள் தனியாக ‘தி சீட்டர்ஸ்’ பாருங்கள். பையனிடம் டீச்சர் சொன்ன விஷயத்தை நேராக, சின்னதாகப் பேசி முடித்துவிடுங்கள், படத்தைப் பேச்சுக்குப் பதிலாக வைக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் போகட்டும். அப்புறம் ‘தி மியூசிக் பாக்ஸ்’. முடிந்ததும் “என்ன கத்துக்கிட்ட?” என்று மட்டும் கேட்காதீர்கள். “அன்னா பாவம்ல?” என்று கேளுங்கள், போதும். மூன்றாம் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு எங்கே தட்டுகிறது என்பதையும் பாருங்கள். பக்கத்து பெஞ்சை எட்டிப்பார்க்கும் பையனுக்குப் பாதி நேரம் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

டூர் காசு அப்பாவுக்கு: ‘தி கிஃப்ட்’. ஆனால் அதற்கு முன்னால் காசைத் திருப்பித் தரும் வழியைப் பையனோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள், யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று. நண்பர்களிடம் அவனே போய்ச் சொல்லட்டும், நீங்கள் கூட நில்லுங்கள். முதல் தவணை கொடுத்த அன்று படத்தைப் போட்டால், லாராவும் மேரியும் போடும் கணக்கு அவனுக்கு உடனே பிடிபடும். அவசரப்பட்டு ‘பன்னி’யை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

தாத்தாவுக்கு: கவலையே வேண்டாம், ‘கன்ட்ரி கேர்ள்ஸ்’ பாருங்கள். ஆங்கிலம் வேகமாகப் போனால் நிறுத்தி நீங்களே தமிழில் சொல்லுங்கள், உங்கள் குரலில் அது இன்னும் நன்றாக இருக்கும். பிறகு ஒரு நோட்டு வாங்கி, பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த யானை பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னென்ன செய்தது என்று முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். மேலே ‘கதை’ என்று பெரிய எழுத்தில் அவளையே எழுதவையுங்கள்.